ரெட்டியார்சத்திரத்து ஊதாக் கள்ளி

விடியற்காலையில் திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் இறங்கியபோது என் தோள்பையில் ஒரு பூதக்கண்ணாடியும், கொஞ்சம் பஞ்சும், மனைவியின் நகச்சாயம் அழிக்கும் திரவமும் இருந்தன. மதுரையிலிருந்து அறுபத்தைந்து கிலோமீட்டர் வந்தது பூவை ரசிக்க அல்ல, கையும் களவுமாகப் பிடிக்க.

எங்கள் கள்ளி வளர்ப்போர் வாட்ஸப் குழுவில் செல்வராணி என்பவர் ஒரு படம் போட்டிருந்தார். இரண்டு வகைக் கள்ளிகளைத் தானே கலந்து உண்டாக்கிய செடி, கன்றுகள் விற்பனைக்கு உண்டு என்று எழுதியிருந்தார். பூ கத்திரிக்காய் ஊதா. பிறகு இன்னொரு படம் வந்தது. அதே செடி, அதே பூ, நிறம் மட்டும் செங்கல். சாயம் என்றார்கள் சிலர், கைப்பேசி வித்தை என்றார்கள் சிலர். குழுவிலிருந்து அவரை நீக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒரு கன்றுகூட விற்கவில்லையாம். குழுவில் என் சொல் எடுபடும் என்பதால் எனக்குப் போன் செய்து, நேரில் வந்து பார்க்கும்படி கேட்டார்.

பேருந்து மாறி ஆறரை மணிக்கு ரெட்டியார்சத்திரத்தில் இறங்கி, செல்வராணி வீட்டைச் சொல்லி ஆட்டோ பிடித்தேன். ஐம்பது ரூபாய்.

“மணமேடை சோடிக்கிறவுக வீடுதானேண்ணே?” என்றார் ஓட்டுநர். “அந்தம்மா வீட்டுக்காரரு பூவுக்கு என்ன கலர் கேட்டாலும் அடிச்சுக் குடுப்பாரு.”

எனக்கு இது போதுமானதாக இருந்தது. வந்த காரியம் முடிந்த மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டு வாசலிலேயே வர்ண டப்பாக்கள் அடுக்கியிருந்தன. அதில் ஊதாவும் இருந்தது. செல்வராணிக்கு நாற்பது வயதிருக்கும். நான் டப்பாவைப் பார்ப்பதை அவர் பார்த்தார், நேராக மாடிக்கு அழைத்துப்போனார்.

நிழல்வலைக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு அந்தப் பூ விரிந்திருந்தது. ஊதாதான். கடைகளில் காய்ந்த பூவைக் கள்ளியின் தலையில் பசை வைத்து ஒட்டி விற்பதை எத்தனையோ முறை பார்த்தவன் நான். கண்ணாடியை வைத்துக் காம்பைப் பார்த்தேன். ரோமத்தோடு செடியின் உடம்பிலிருந்தே கிளம்பியிருந்தது. சாயம் இருக்கிறதா என்று தேய்த்துப் பார்க்கலாமா என்றேன்.

“தாராளமாத் தேச்சுப் பாருங்க சார். எப்படியும் பூ இன்னைக்கு ஒரு நாளுதான்.”

இதழைத் தேய்த்தேன், நடுவிலும் தேய்த்தேன். பஞ்சில் ஊதா ஒட்டவில்லை.

“சரிம்மா, ஊதா நிஜம். அப்போ அந்தச் செங்கல் நிறம்?”

“செத்த நேரம் உக்காருங்க. வெயில் ஏறட்டும்.”

இட்லி சாப்பிடக் கீழே கூப்பிட்டார். நான் இறங்கினால் தொட்டியை மாற்றிவிடுவார்களோ என்று பயம். தட்டை மாடிக்கே வரவழைத்து, பூவுக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டேன். வெயில் வலைக்குள் இறங்க இறங்க, இதழ்களின் ஓரத்தில் ஊதா வெளுக்கத் தொடங்கியது. பத்து மணிக்குள் பூ முழுக்கச் செங்கல் நிறம். என் கண்முன்னே, யாரும் தொடாமல். சந்தோஷமாகத்தான் இருந்தது. யாரையும் பிடிக்க முடியவில்லையே என்று ஏமாற்றமாகவும் இருந்தது.

தாய்ச்செடி எது, மகரந்தம் எதிலிருந்து எடுத்தது என்று கேட்டேன். சிரித்தாரே தவிரப் பதில் சொல்லவில்லை. கிளம்பும்போது கை நீட்டினார்.

“அந்தப் பஞ்சக் குடுத்துட்டுப் போங்க சார்.”

“எதுக்கும்மா?”

“நடுவுல தேச்சீகல்ல, மகரந்தம் ஒட்டியிருக்கும். ஊருக்குப் போயி உங்க செடியில தடவிட்டீகன்னா?”

சத்தியமாக அந்த நினைப்பு எனக்கு இல்லை. ஆனால் அவர் சொன்ன பிறகு பஞ்சைக் கொடுக்கத்தான் மனசு வரவில்லை. கொடுத்துவிட்டு இறங்கினேன்.

மதுரைப் பேருந்தில் உட்கார்ந்ததும், மாடியில் நான் எடுத்த படங்களைக் குழுவில் போட்டு, சாயமில்லை, நானே சோதித்தேன், நிறம் மாறுவதும் உண்மை, அவரை மறுபடி சேருங்கள் என்று எழுதினேன். முதல் பதில் உடனே வந்தது.

“உங்களுக்கு எத்தனை கன்னு குடுத்தாங்க சார்?”

அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். ஒன்றும் வாங்கவில்லை என்று எழுதினேன். பொம்மைகள் கூடின. வேறு யாராவது போய்ப் பார்த்துவிட்டு வரட்டும் என்று முடித்துவிட்டார் குழுவை நடத்துபவர். உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

வாடிப்பட்டி தாண்டும்போது செல்வராணி கூப்பிட்டார்.

“சொல்லிட்டீகளா சார்? நம்புனாகளா?”

“சொல்லிட்டேம்மா” என்றேன்.