வெர்லின் பெரியப்பாவின் முதல் "வேண்டாம்"

மார்ச் மாதத்தில் ஒருநாள் என் பெரியப்பா வெர்லின் டோலஃப்சன், உறைந்த ஏரியின் மேல் நடந்துபோகும்போது பனிக்கட்டி உடைந்து உள்ளே விழுந்தார். மார்பு வரை தண்ணீர். கரையோரம் லாரியில் போன ஊர்க்காரர் ட்வெயின் வண்டியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார்.

"என்ன வெர்லின், கை குடுக்கவா?"

"வேணாம் வேணாம். நீ ஏதோ வேலையா போற."

"வேலை ஒண்ணும் இல்ல. கயிறுகூட வச்சிருக்கேன்."

"சேச்சே, கயிறு நனைஞ்சிடும்."

"நனைஞ்சா காஞ்சுடும். எப்படியும் வண்டியை நிறுத்திட்டேன்."

"சரி, நீதான் எப்படியும் நிறுத்திட்டியே..."

அதற்குப் பிறகுதான் கயிறு வந்தது. அமெரிக்காவின் வடக்கே எங்கள் மினசோட்டா மாநிலத்தில் இதை யாரும் வேடிக்கையாகச் சொல்வதில்லை. இரண்டு பேரும் முறையாக நடந்துகொண்டார்கள் என்பதற்கு உதாரணமாகச் சொல்வார்கள். முதல் "வேண்டாம்" மரியாதைக்கு. இரண்டாவது, கேட்பவர் மனதாரக் கேட்கிறாரா என்று பார்க்க. மூன்றாம் முறை கேட்டால் வாங்கிக்கொள்ளலாம், முகத்தில் கொஞ்சம் சங்கடத்தோடு.

பெரியப்பா பால் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். பெரியம்மா இறந்த வருடம் அவரிடம் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டவர்களுக்கு, "இதைவிட மோசமாவும் இருக்கலாம்" என்றார். ஊரிலேயே பெரிய மானைச் சுட்ட வருடமும் அதையேதான் சொன்னார். அவருக்குப் பிடித்தது எது, பிடிக்காதது எது என்பது எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. கேட்பது நாகரிகமில்லை.

இப்படிப்பட்டவரின் எதிர்வீட்டை, ஏரியைப் பார்த்த பச்சை வீட்டை, நியூ ஜெர்சியிலிருந்து வந்த லொரெட்டா வாங்கினார். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை, குரலுக்கு மூடியும் இல்லை. வந்த வாரமே பெரியப்பா வீட்டில் காபி குடித்துவிட்டு, "யோவ் வெர்லின், இது காபியா, பாத்திரம் கழுவின தண்ணியா?" என்று கேட்டார். நாற்பது வருடங்களாக அதைக் குடித்துவந்த ஊர் "வித்தியாசமா இருக்கு" என்று மட்டுமே சொல்லிவந்தது. பெரியப்பா அன்று முழுக்க ஒரு மாதிரி மலர்ந்த முகத்தோடு திரிந்தாராம்.

மூன்று கோடைக்காலம் இருவரும் ஒரே படகில் மீன் பிடித்தார்கள். லொரெட்டா பேசுவார், பெரியப்பா தூண்டிலைப் பார்ப்பார். போன அக்டோபரில் லொரெட்டா ஆப்பிள் பணியாரம் சுட்டு எடுத்துக்கொண்டு போய் மேஜையில் வைத்துவிட்டு, "நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?" என்று கேட்டார்.

பெரியப்பாவின் காதுகள் சிவந்தன. உடம்பெல்லாம் சந்தோஷம் ஓடியது. பிறகு, வளர்ந்த விதப்படி பதில் சொன்னார்:

"ஐயோ, வேணாம் வேணாம். உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்?"

இரண்டாவது முறை கேட்பதற்காக அவர் காத்திருந்தார். லொரெட்டா கையுறையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். தட்டைக்கூடத் திரும்ப எடுக்கவில்லை. நவம்பரில், நிலம் உறைவதற்கு முன்பே, லொரெட்டாவின் வாசலில் "வீடு விற்பனைக்கு" என்ற பலகை நின்றது.

என்ன நடந்தது என்று ஊருக்கே தெரியும். ஆனால் யாரும் லொரெட்டாவிடம் போய், "அம்மா, அது நிஜ வேண்டாம் இல்லை, இன்னும் இரண்டு தடவை கேளுங்கள்" என்று சொல்லவில்லை. அடுத்தவர் விஷயத்தில் தலையிடக் கூடாதே. அதற்குப் பதிலாக ஆளுக்கொரு தட்டில், கொத்துக்கறி மேல் உருளைக்கிழங்கு அடுக்கிச் சுட்ட பண்டத்தைச் செய்து, இரண்டு வீட்டுக்கும் சமமாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

நான் ஊர் திரும்பியது ஜனவரியில். ஆறு வருடங்கள் இந்தியா வரை ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்த என்னிடம் என் அப்பா கேட்டது ஒன்றுதான்: "அங்கெல்லாம் குளிரா?" மதுரையில் ஒரே பேருந்துப் பயணத்தில், ஜன்னலோர இருக்கைக்காக நடந்த சண்டையில் நான் கேட்ட அளவு பேச்சை எங்கள் ஊர் ஒரு குளிர்காலம் முழுக்கப் பேசுவதில்லை. கைச்செலவுக்காக லொரெட்டாவின் சாமான்களைப் பெட்டியில் கட்டும் வேலைக்குப் போனேன்.

"உன் பெரியப்பாவைப் பாருடி," என்று ஜன்னலைக் காட்டினார் லொரெட்டா. முதல்நாள் இரவு பெய்த பனி இடுப்பளவு கிடந்தது. பெரியப்பா கையில் துடைப்பத்தோடு, விற்பனைப் பலகையில் ஒட்டியிருந்த பனியை எழுத்து எழுத்தாகத் துடைத்துக்கொண்டிருந்தார். "தினமும் வர்றாரு. நான் போறதுக்கு அவ்வளவு அவசரம்!"

"இல்ல அத்தை. உங்க பலகை மறைஞ்சா உங்களுக்கு நஷ்டமாச்சேன்னு துடைக்கிறார். உங்க மேல உள்ள பிரியம் அது."

"பிரியமா? எங்க ஊர்ல இதுக்குப் பேர் வேற."

நான் எல்லாவற்றையும் விளக்கினேன். இன்னும் இரண்டே தடவை கேட்டால் போதும் என்றேன். லொரெட்டா செய்தித்தாளில் ஒரு கிண்ணத்தைச் சுற்றி, அதன் கழுத்தை நெரிப்பதுபோல் முறுக்கினார்.

"கேட்டதே என் வயசுக்கு அதிகம். ரெண்டாவது தடவை கேட்க என்கிட்ட இன்னொரு மானம் இல்ல, தங்கம். வேணும்னா அவர் வந்து சொல்லட்டும்."

அன்று மாலை பெரியப்பாவிடம் போனேன்.

"அவங்க மறுபடி கேட்க மாட்டாங்க, பெரியப்பா. நீங்கதான் சொல்லணும்."

"கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னா நல்லா இருக்குமா?"

"கேட்டுட்டாங்களே!"

"அது முதல் தடவை."

"அவங்க ஊர்ல அவ்வளவுதான்."

பெரியப்பா எதிர்வீட்டுப் பக்கம் பார்த்தார். "பாவம். அவசரத்துல வளர்ந்திருக்காங்க," என்றார்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை கார்ல்சன் தம்பதியினர் மினியாபொலிஸிலிருந்து வீடு பார்க்க வந்தார்கள். உள்ளே வருவதற்கு முன், பலகையைத் துடைத்துக்கொண்டிருந்த பெரியப்பாவிடம் பேச்சுக் கொடுத்தார்கள். நான் வாசலில் பெட்டியோடு நின்றிருந்தேன்.

"வீடு எப்படிங்க?"

இதுதான் சமயம். கூரை ஒழுகும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் கூரை ஒழுகாது. போன கோடையில் அதை அடைத்தவரே அவர்தான். கண்ணால் நான் எவ்வளவோ ஜாடை காட்டினேன். அவர் துடைப்பத்தைப் பார்த்தார், ஏரியைப் பார்த்தார்.

"பரவாயில்ல," என்றார்.

வேறு மாநிலத்தவராக இருந்தால் அந்தச் சலிப்பான குரலைக் கேட்டுக் காரைத் திருப்பியிருப்பார்கள். கார்ல்சன் தம்பதியோ இந்த மண்ணிலேயே பிறந்தவர்கள். இதற்கு மேல் புகழ ஒரு மனிதனால் முடியாது என்று அவர்களுக்குத் தெரியும். கணவர் மனைவியைப் பார்த்தார், மனைவி தலையசைத்தார். வீட்டுக்குள் கால் வைக்கும் முன்பே வீடு விற்றுப்போயிற்று.

சமையலறையில் லொரெட்டா காபி வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றார்கள். உடனே பாத்திரத்தை அடுப்புக்குத் திருப்பிவிட்டார். இருவரும் அந்தப் பாத்திரத்தையே ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். விலையெல்லாம் பேசி முடிந்தது. திரு. கார்ல்சன் கை குலுக்கக் கையை நீட்டும்போது கதவு திறந்தது.

பெரியப்பா தட்டாமலே வந்திருந்தார். பனி ஒட்டிய பூட்ஸோடு வந்திருந்தார். இந்த இரண்டையும் அவர் வாழ்நாளில் செய்ததில்லை.

"ஆமா," என்றார்.

"என்னய்யா ஆமா?" என்றார் லொரெட்டா.

"அக்டோபர்ல ஒண்ணு கேட்டீங்களே. அதுக்கு."

 கார்ல்சன் தம்பதி மினசோட்டாக்காரர்கள் அல்லவா, முழு விஷயமும் நொடியில் புரிந்துவிட்டது. திரு. கார்ல்சன் நீட்டிய கையை மெதுவாகக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார். "சரி, அப்போ," என்று தொடையைத் தட்டி எழுந்தார். எங்கள் ஊரில் அது விடைபெறுதலின் ஆரம்பம் மட்டுமே. மேஜையருகே நின்று சாலை நிலவரம் பேசினார்கள். கதவருகே நின்று அடுத்த வாரப் பனி பற்றிப் பேசினார்கள். படியில் நின்று, பெரியப்பாவின் ஒன்றுவிட்ட சகோதரரின் மகள் தங்கள் அலுவலகத்தில் வேலை செய்வதைக் கண்டுபிடித்தார்கள். பெரியப்பா ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். லொரெட்டா கடைசியில் அவர்கள் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தினார்.

"நாலு மாசம்! அதுல அந்தப் பலகையை வேற துடைச்சியேய்யா!"

"பனி மூடிடுமே."

"மூடட்டும்னு விடறதுக்கென்ன?"

"அது மரியாதை இல்லையே."

"மரியாதை கிடக்கட்டும். ஆமான்னா என்ன? முழுசா சொல்லு."

பெரியப்பா குளிர்சாதனப் பெட்டியைப் பார்த்தபடி நின்றார். கழுத்து, காது, நெற்றி என்று வரிசையாகச் சிவந்தது.

"நீங்க போறது எனக்குப் பிடிக்கல," என்றார்.

ஒன்று தனக்குப் பிடிக்கவில்லை என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. சொல்லிவிட்டு, லாரி நிறையப் பால் கேன்களை ஒற்றை ஆளாக இறக்கியவர்போல நாற்காலியில் சாய்ந்தார். லொரெட்டா அவரை ஏற இறங்கப் பார்த்தார். கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பி, "அந்தப் பெட்டியைப் பிரிடி. நல்ல காபி குவளை எல்லாம் அதுலதான் கட்டி வச்சிருக்கோம்," என்றார்.

பிரித்தேன். வெளியே கார் உறுமும் சத்தம் கேட்டது. கார்ல்சன் தம்பதி இன்னும் போகவில்லை. காருக்குள் உட்கார்ந்து, ஜன்னல் பக்கம் பார்த்துக் கையசைத்துக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா பதிலுக்குக் கையசைக்க எழுந்தார். லொரெட்டா திரைச்சீலையை இழுத்து மூடினார்.