அம்மா நின்று பார்த்த பெட்டி

கண்ணுகளா, பள்ளிக்கூடத்துப் போட்டோவில் உயரமாகத் தெரியக் கூடாதென்று நம் சின்னவள் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றாளே, அதைப் பார்த்ததிலிருந்தே இதை உங்களுக்கு எழுத வேண்டும் என்று இருந்தேன். இது உங்கள் அப்பத்தாவைப் பற்றியது, எனக்கு அம்மா.

நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது, பொள்ளாச்சியில் என் அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, காலையில் காபி குடித்துவிட்டுச் சாய்ந்தவர் எழவில்லை. வாசலில் தலை இடிக்கிற உயரம் அவருக்கு. சர்ச்சில் ட்யூப் லைட் போய்விட்டால் ஏணியைத் தேட மாட்டார்கள், அவரைத்தான் தேடுவார்கள். அந்த உயரம் அம்மாவின் தம்பி, என் மாமாவுக்கு வராமல் அம்மாவுக்கு வந்துவிட்டது. தெருவில் அம்மாவுக்குத் ‘தென்னமரம்’ என்று பெயர். கல்யாணப் போட்டோவில்கூட அம்மாவை உட்கார வைத்து, அப்பாவை நிற்க வைத்துத்தான் எடுத்திருக்கிறார்கள்.

எங்கள் சொந்தத்தில் இறந்தவரை டேப் வைத்து அளக்க மாட்டார்கள். அளந்தால் அடுத்த சாவு விழுமாம். எந்தப் போதகரும் அப்படிச் சொன்னதில்லை. ஆனாலும் யாரும் மீறியதில்லை. அதனால் மாமா கண்ணளவில் ஒரு சவப்பெட்டி வாங்கி வந்தார். பளபளவென்று பாலிஷ், உள்ளே வெள்ளைத் துணி. அப்புச்சியைத் தூக்கி வைத்தபோது கால் உள்ளே போகவில்லை.

சாயங்காலம் அடக்கம். மாமாவுக்கு வேர்த்துவிட்டது. “முட்டிய லேசா மடக்கி வெச்சுக்கலாங்க்கா. மேல துணி போத்துனா ஆருக்கும் தெரியாது.”

அம்மாவின் அழுகை சட்டென்று நின்றது. “எங்கப்பன் ஆருகிட்டயும் குனிஞ்சதில்ல. குழிக்குள்ள மட்டும் மடங்கிப் படுக்கோணுமா? வண்டிய எடுடா.”

பெட்டி வாங்கப் பெண்கள் போகிற வழக்கமில்லை என்று நாலு பேர் சொன்னார்கள். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு வேனில் ஏறிவிட்டாள்.

கடையில் பெட்டிகளைச் சுவரோரம் நிமிர்த்தி வைத்திருந்தார்கள். கடைக்காரர் அளவு கேட்டார். மாமா இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். “இப்படிக் காட்டுனா நான் என்னத்தைங்க குடுக்கறது?” என்றார் அவர்.

அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு பெட்டிக்குள் ஏறி நின்றாள்.

“ஏனுங்க அம்மணி! உசுரோட அதுக்குள்ள நிக்காதீங்க, ஆகாதுங்க!”

“எங்கப்பன் படுக்கற எடம், எனக்கு என்னங்க ஆகப் போகுது? எனக்கு மேல நாலு வெரலு அவரு. என் தலைக்கு மேல கைய வெச்சுப் பாருங்க.”

மாமா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு ஜெபம் பண்ண ஆரம்பித்துவிட்டார். அந்தப் பெட்டி பத்தவில்லை. அடுத்ததும் பத்தவில்லை. கடைசியில் மூலையிலிருந்து, பாலிஷ் இல்லாத ஒரு நீளப் பெட்டியைக் கடைக்காரர் இழுத்து வந்தார். “ஒருத்தருக்குன்னு சொல்லி வெச்சுச் செஞ்சதுங்க. அவரு பொழச்சுக்கிட்டாரு.”

“மகராசன், நல்லா இருக்கட்டும்” என்று சொல்லிக்கொண்டே அம்மா அதில் ஏறினாள். தலைக்கு மேல் நாலு விரல் தாராளமாகப் போனது.

“செரியா இருக்குதுங்க, வாங்க அம்மணி” என்றார் கடைக்காரர். அம்மா வரவில்லை. பலகையில் முதுகைச் சாய்த்து, கண்ணை மூடி நின்றுகொண்டே இருந்தாள். அளவை இன்னொரு தரம் சரிபார்க்கிறாள் என்றுதான் நினைத்தேன். “எங்கம்மா கணக்குத் தப்பாதுங்க” என்று கடைக்காரரிடம் பெருமையடித்தேன். அவர் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அப்புச்சி அன்றைக்குக் கால் நீட்டிப் படுத்தே போனார். கல்லறைத் தோட்டத்தில் அத்தனை கூட்டத்திலும் அம்மாவின் தலை தனியாகத் தெரிந்தது. “அதா பாரு, எங்கம்மா” என்று பக்கத்தில் நின்ற பையனிடம் நானே காட்டினேன்.

வீடு திரும்பி எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, நான் மட்டும் பின்பக்கம் போனேன். மாமா வாங்கிய குட்டைப் பெட்டி அங்கே சுவரில் சாய்ந்திருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். நிமிர்ந்து நின்று, உச்சந்தலையில் நாலு விரலை வைத்துப் பார்த்தேன். மேலே இன்னும் எவ்வளவோ இடம் கிடந்தது. அம்மாவைப் போலவே கண்ணையும் மூடிக்கொண்டேன். பாலிஷ் வாசனைதான் அடித்தது. பெட்டிக்குள் அம்மா ஏன் அவ்வளவு நேரம் நின்றாள் என்று தெரியாமலே, முதுகு வலிக்கும்வரை நிமிர்ந்து நின்றிருந்தேன்.