அம்மாவின் ஆள்காட்டி விரல்

ஆரப்பாளையம் ரேஷன் கடையில் அம்மாவின் ஆள்காட்டி விரல் ரேகையை இயந்திரம் இன்றைக்கும் ஏற்கவில்லை. புதிதாக வந்த விற்பனையாளர் குனிந்து பார்த்தார். "என்னம்மா, விரல்ல இம்புட்டுப் பெரிய தழும்பு?"

எனக்கு மண்டபத்துக் கடலின் வாடை மூக்கில் ஏறியது.

அப்போது எனக்குப் பத்து வயது. பங்குனியில் கடல் அடங்கிக் கிடந்தது. அப்பாவின் சிநேகிதர் செய்யது மாமா எங்கள் மூவரையும் தன் வள்ளத்தில் ஏற்றிக்கொண்டார். கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்திலேயே, மத்தி குத்திய தூண்டிலை இறக்கினோம். அப்பா வாந்தியெடுத்துச் சுருண்டுவிட்டதால் அவர் பிடித்திருந்த நைலான் நரம்பு அம்மா கைக்கு வந்தது.

சற்று நேரத்தில் நரம்பு விறைத்து, அவள் விரலை அறுத்துக்கொண்டு ஓடியது.

"இழு தங்கச்சி, இழு" என்று மாமா கத்தினார்.

அம்மா இழுக்கவில்லை. மேலூரில் மாடுகளோடு வளர்ந்தவள் அவள். "முரட்டு மாட்ட எடுத்த எடுப்புலயே இழுத்தா கயிறுதாண்ணே அறும். ஓடி ஓயட்டும்" என்றாள். மீன் ஓடியபோது விட்டாள், நின்றபோது இழுத்தாள். நரம்பெல்லாம் ரத்தம். கடைசியில் என் நெஞ்சு உயரத்துக்கு ஒரு பாறை மீன் வள்ளத்துக்குள் விழுந்து துடித்தது.

கரையில் கேட்டவர்களிடமெல்லாம் மாமா, "நானில்ல, மதுரக்காரம்மா பிடிச்சது" என்றார்.

"பாற மீன இழுத்த விரலு தம்பி" என்று அம்மா விற்பனையாளரிடம் ஆரம்பித்துவிட்டாள். எங்களுக்குப் பின்னால் வரிசை நீண்டது.

கட்டைவிரலை வைத்தால் ரேகை உடனே விழும். அது அவளுக்கும் தெரியும். இருந்தும் மாதாமாதம் ஆள்காட்டி விரலைத்தான் முதலில் நீட்டுகிறாள்.