எட்டாவது குழாய்

மூன்று வருடங்களுக்கு முன்பு, அடைமழைக் காலத்தில், காத்தான்குடியில் வாவிப் பக்கமாக இருக்கும் எங்கள் சின்னத் தெருவில், ஒழுங்கையில், நடந்தது இது.

அந்த வருடம்தான் எங்கள் பகுதிக்குப் புதிதாக நிலத்தடிக் கழிவுநீர்க் குழாய் வந்திருந்தது. எங்கள் வீடு பழையது. பெண்பிள்ளைக்கு வீடு கொடுக்கும் ஊர் வழக்கப்படி உம்மாவுக்குக் கொடுத்தது, இப்போது என் பெயரில் இருக்கிறது. நான் கட்டட வேலைத் துறையில் டிப்ளோமா முடித்தவள். ஆகவே இணைப்பு வேலையை நானே பொறுப்பெடுத்தேன்.

பட்டியல் போடாமல் எனக்கு வேலை ஓடாது. குளியலறை இரண்டு, மலசலகூடம் இரண்டு, சமைக்கும் குசினி, உடுப்புக் கழுவும் கல், முன்பக்கக் கைகழுவும் தொட்டி. மொத்தம் ஏழு. ஒவ்வொன்றிலும் வெள்ளை உடுப்புக்குப் போடும் நீலத்தைக் கரைத்து ஊற்றி, எங்கே வெளிவருகிறது என்று பார்த்துத்தான் ஏழையும் இணைத்தேன்.

கூரையோரப் பீலியில் வடியும் மழைத் தண்ணீரை மட்டும் இந்தக் குழாயில் விடாதீர்கள் என்று ஒழுங்கையில் எல்லாரிடமும் சொன்னேன். மழைத் தண்ணீரைத் தாங்கும் அளவில் குழாய் போடவில்லை. "தங்கச்சி, தண்ணி எல்லாம் தண்ணிதானே. குழாய்க்கு என்ன கண்ணா இரிக்கி பாக்க?" என்று எதிர்வீட்டுக்காரர் சிரித்தார், ஊர் முறையில் எனக்குக் காக்கா, அண்ணன். பலரும் பீலியை அதிலேயே பூட்டினார்கள்.

நவம்பரில் மூன்று நாள் விடாமல் மழை. ஒழுங்கையில் முழங்கால் தண்ணீர். எங்கள் வீடுதான் எல்லாவற்றிலும் தாழ்வு. காலையிலிருந்தே குளியலறைத் துவாரம் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. அதை அடுத்த அறையில்தான் வாப்பா படுத்திருந்தார். சீனி வருத்தத்தால் காலில் ஒப்பரேஷன் செய்து, புண் ஆறாமல் இருந்த நேரம். கழிவுநீர் அந்த அறைக்குள் வந்தால் என்ன ஆகும் என்று யாரும் எனக்குச் சொல்லத் தேவையில்லை.

அப்போதுதான் அதே காக்கா அலவாங்குக் கடப்பாரையோடு வந்தார், பின்னால் ஐந்தாறு பேர். எங்கள் வாசலில் இருக்கும் மேன்ஹோல் மூடியைக் கிளப்பி, வெள்ளத்தை அதற்குள் விடப் போகிறார்களாம். நான் போய் மூடியின் மேல் ஏறி நின்றேன்.

"தள்ளுங்க தங்கச்சி. பத்து நிமிசத்தில ஒழுங்கை காஞ்சிடும்."

"காயாது காக்கா. முதல்ல என்ட வாப்பாட அறைக்குள்ள வரும். பிறகு ஒங்கட குசினிக்கும் வரும்."

"வந்தாப் பாப்பம்."

"வந்தாப் பாக்க அது ஒங்கட வாப்பாட கால் இல்ல."

அலவாங்கின் முனை என் காலுக்கு ஒரு சாண் தள்ளி மூடியின் விளிம்பில் இறங்கியது. நான் காலை எடுக்கவில்லை. வாவி பெருகினால் கடலுக்குப் போக முகத்துவார மணலை வெட்டிவிடும் ஆட்கள் நாம், தண்ணீர் போகிற வழியை வெட்டுங்கள், வீதியோர மழைநீர்க் கானின் வாய் குப்பையால் அடைத்துக் கிடக்கிறது, அங்கே போங்கள் என்றேன்.

எதிர்வீட்டு மதிலுக்கு மேலால் ஒரு குரல் வந்தது. அது காக்காவின் மாமி, அவருடைய மனைவியின் உம்மா.

"ஊருக்கெல்லாம் புத்தி சொல்ற புள்ள, ஒங்கட குசினிக்குப் பின்னால இறங்குற பீலி எங்க போகுதாம்?"

திரும்பிப் பார்த்தேன். குசினி மூலையில், முருங்கைக்குப் பின்னால், பீலிக் குழாய் நேராக நிலத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. வாப்பா எப்போதோ குசினிக்குச் சார்ப்பாகப் பத்தி இறக்கியபோது பழைய குசினிக் குழாயோடு சேர்த்துவிட்டது; அந்தக் குழாயைத்தான் நான் இணைத்திருந்தேன். நான் வாளியோடு வீட்டுக்குள்ளேயே சுற்றியிருக்கிறேன். மேலே ஒரு தடவை அண்ணாந்து பார்க்கவில்லை. எட்டாவது குழாய்.

முகம் சுட்டது. ஆனால் மூடியை விட்டு இறங்கவில்லை.

"ஓம் மாமி, என்ட பிழைதான். இப்பவே வெட்டிட்டு வாறன். அதுவரைக்கும் நீங்க இதில நில்லுங்க."

"நானா?"

"நீங்க நிண்டா ஒருத்தரும் தொட மாட்டாங்க."

யாரோ சிரித்தார்கள். மாமி சிரிக்கவில்லை. சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் வந்து, மூடியின் மேல் ஏறி நின்றார். எங்கள் ஊரில் மருமகன் குடியிருப்பது பெண் வீட்டில். காக்காவின் அலவாங்கு தானாகவே கீழே போனது.

இரும்பு வெட்டும் வாளால் பீலிக் குழாயை அறுத்தேன். கூரைத் தண்ணீர் முழுவதும் வீட்டைச் சுற்றிய எங்கள் வளவில் கொட்டி, குசினிப் படி வரை ஏறியது. ஏறட்டும், அது மழைத் தண்ணீர். வாளோடு திரும்பி வந்தபோது மாமி மருமகனைப் பார்த்துச் சொன்னார்: "என்ன பாத்துட்டு நிக்கிறீங்க மருமகன்? வாள வாங்கிட்டுப் போய் நம்மட பீலியையும் வெட்டுங்க."

அவர் வாங்கிக்கொண்டு போனார். மற்றவர்கள் முணுமுணுத்தபடி கான் வாயைத் திறக்கப் போனார்கள். வாள் வீடு வீடாகப் போய் வந்தது. பின்னேரம் அசர் தொழுகை நேரத்தில் தண்ணீர் கணுக்காலுக்கு இறங்கியிருந்தது. குளியலறைத் துவாரம் அடங்கிவிட்டது. வாப்பாவின் அறைத் தரை கடைசிவரை நனையவில்லை.

இன்னமும் இரண்டு வீட்டுக்காரர்கள் பீலியைக் கழற்றவில்லை. மழை இருட்டும்போதெல்லாம் போய்க் கேட்கிறேன், என்னைக் கண்டால் கதவைச் சாத்துகிறார்கள், ஆனாலும் கேட்பதை நிறுத்தப் போவதில்லை. யார் அலவாங்கோடு வந்தாலும் மறுபடி அந்த மூடியில் ஏறி நிற்பேன். ஆனால் இப்போது இணைப்பு வேலைக்கு எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் கூரையை அண்ணாந்து பார்க்கிறேன், பட்டியலின் கடைசி வரியை வெறுமையாக விடுகிறேன், எனக்குத் தெரியாத ஒன்று எதிர்வீட்டு மதிலுக்குத் தெரிந்திருக்கும் என்று.