குளிர்காலத்தில் மட்டும் ஓடும் கம்பெனி

தில்லியில் காற்று கெட்டுப்போகும் நான்கு மாதங்களுக்கு, காற்றைச் சுத்தம் செய்யும் மிஷின்களை வாடகைக்கு விடுகிறேன். தொழில் மொத்தமும் அவ்வளவுதான். ஒரே வாக்கியத்தில் சொன்னால் முதலீட்டாளர்கள் மதிக்கமாட்டார்கள் என்பதால் பதினெட்டு ஸ்லைடுகள் வைத்திருந்தேன்.

இரண்டாம் வருடம் தீபாவளிக்கு முன்பே நூறு வீடுகள் பதிவு செய்துவிட்டன. கையில் இருந்தவை இருபது மிஷின்கள். அவையும் என் நகைகளை விற்று வாங்கியவை. மீதி எண்பதுக்குப் பணம் வேண்டும். வங்கியில் வீட்டுப் பத்திரம் கேட்டார்கள். வீடு இருப்பவள் கரோல் பாக்கில் மூன்றாம் மாடியில் ஏன் வாடகைக்கு இருக்கப்போகிறாள்? அரசு உதவித் திட்டம் ஒன்றிலும் விண்ணப்பித்தேன். பிப்ரவரியில் பதில் வரும் என்றார்கள். அதற்குள் புகையே கலைந்துவிடும்.

குருகிராமில் ஒரு முதலீட்டாளர் மட்டும் பதினெட்டு ஸ்லைடையும் பொறுமையாகப் பார்த்தார். மீதி எட்டு மாதம் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். பிறகு பணம் தர ஒப்புக்கொண்டார். கம்பெனியில் மூன்றில் ஒரு பங்கு அவருக்கு. அடுத்த வருடத்திலிருந்து மிஷின் வாடகையை விட்டுவிட்டு, பன்னிரண்டு மாதமும் ஓடும் ஆரோக்கிய ஆப் ஒன்றை நடத்த வேண்டும். ஆப்பால் காற்றைச் சுத்தம் செய்ய முடியாதே என்றேன். பயனர்கள் அதை மெல்லப் புரிந்துகொள்வார்கள் என்றார். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போடவேண்டும். எனக்குத் துளியும் இஷ்டமில்லை. ஆனால் நூறு வீட்டுக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது.

வீட்டு ஓனரிடம் பண முடை என்று மட்டும் சொன்னேன். கரோல் பாக்கிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். கீழ்த்தளத்தில் ஏர் கூலர் கடை வைத்திருக்கிறார். "கமிட்டில சேர்ந்துக்கோ பேட்டா, புதுசா ஒண்ணு இந்த வாரம் ஆரம்பிக்குது" என்றார். கமிட்டி என்றால் நம் ஊர் ஏலச்சீட்டுதான். எல்லோரும் மாதாமாதம் போடும் பணத்தை, அதிகம் தள்ளுபடி கொடுப்பவர் எடுத்துக்கொள்வார். தள்ளிய தொகையை மற்றவர்கள் பங்கிட்டுக்கொள்வார்கள்.

புதன்கிழமை ஏலம். கம்பளிக் கடை மாடியில் வீட்டு ஓனரும் மற்ற வியாபாரிகளும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். யாரும் பணத்தைப் பற்றிப் பேசவில்லை. ஸ்டார்ட்அப் பயிற்சி முகாமில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான்: பணம் ஏன் தேவை என்று உருக்கமாகச் சொல்ல வேண்டும். நான் எழுந்து நின்று இந்தியில் உருக்கமாகச் சொன்னேன். நூறு வீடு, நான்கு மாதம், குருகிராம்காரர், மூன்றில் ஒரு பங்கு, வெள்ளிக்கிழமைக் கெடு, ஒன்றையும் விடவில்லை. டேப்லெட்டில் ஸ்லைடும் காட்டினேன். என் வாழ்நாளில் அவ்வளவு கவனமாக என் பேச்சை யாரும் கேட்டதில்லை.

ஏலம் ஆரம்பித்தது. பணம் தேவையே இல்லாத கம்பளிக்காரர் தள்ளுபடியை ஏற்றிக்கொண்டே போனார். நானும் ஏறினேன். நான் எதுவரை போவேன் என்று நானேதான் அவருக்கு விளக்கமாகச் சொல்லியிருந்தேனே. சரியாக அந்த இடத்துக்கு வந்ததும் அவர் நிறுத்திக்கொண்டு, எனக்கு இன்னொரு டீ சொன்னார். கைக்கு வந்த பணம் ஐம்பது மிஷினுக்குத்தான் போதும்.

திரும்பி வந்தபோது வீட்டு ஓனர் தன் கடை வாசலில் என்னை நிறுத்தினார்.

"எல்லாத்தையும் ஏன் சொன்னே? அங்க யாராவது வாயத் தொறப்பாங்களா?"

"நல்லாத்தான் பேசினேன் அங்கிள்."

"ரொம்ப நல்லா பேசினே. அதான் பிராப்ளம்."

மீதி முப்பது மிஷினுக்குக் கையெழுத்துப் போடத்தான் வேண்டும் என்றேன். அவர் ஒரு கூலர் பெட்டியின் மேல் உட்கார்ந்தார்.

"உனக்கு கல்யாணச் செலவு, இல்ல ஹாஸ்பிடல்னு நெனச்சேன். ஸ்டார்ட்அப்னு சொன்னா எனக்கு என்ன தெரியும்? நீ சர்தியில, குளிர்ல, வியாபாரம் பண்றேன்னு இன்னிக்குத்தான் புரிஞ்சுது. எனக்கு கர்மியில, வெயில்ல. இப்ப கடைல ஈ ஓட்டிட்டிருக்கேன், பணம் பேங்க்ல சும்மா தூங்குது. அந்த முப்பதுக்கு நான் தர்றேன். மார்ச்ல திருப்பிக் குடு."

இரண்டு வருடமாகத் தினமும் அந்தக் கடையைத் தாண்டித்தான் படியேறியிருக்கிறேன்.

"ஆனா ஒண்ணு" என்றார். "மார்ச்ல கூலர் ஸ்டாக் எடுக்கணும். நீ திருப்பிக் குடுக்கறது போக அப்பவும் எனக்குக் கொஞ்சம் குறையும். உன்கிட்ட இருக்கும் இல்ல? குடுப்பியா?"

மாதக்கணக்கில் ஊரெல்லாம் பணம் கேட்டு அலைந்தவளிடம், முதல் முறையாக ஒருவர் பணம் கேட்டார். "குடுப்பேன் அங்கிள்" என்று சொல்வதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. கடை வாசல் என்றுகூடப் பார்க்காமல் அழுதேன். அவர் பயந்துபோனார்.

"வட்டியெல்லாம் வேணாம் பேட்டா" என்றார் அவசரமாக.

வெள்ளிக்கிழமை நான் எதிலும் கையெழுத்துப் போடவில்லை.