ட்ரூடி அபெக்லென் போட்ட புகார்

காலைப் படகு ஊதியதும் ட்ரூடி அபெக்லென் துடைப்பத்தோடு வெளியே வருகிறார். வாசல் ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருக்கிறது. அது அவருக்கும் தெரியும். ஏரிக்குள் நீளும் சின்ன மரப்பாலத்தின் முனையில் கொரியப் பெண் ஒருத்தி குடையை விரித்து முகத்தைச் சாய்க்கிறாள், அவள் கணவன் மண்டியிட்டுக் கைப்பேசியைத் தூக்குகிறான். சரியாக அந்த நேரம் பார்த்து ட்ரூடி இருவருக்கும் நடுவே பெருக்கிக்கொண்டு போகிறார்.

"இது மனுஷங்க குடியிருக்கிற வீடு, நாடகக் கொட்டகை இல்ல! செடிய மிதிக்காத! பைய ஓரமா வை!"

அந்தப் பெண் குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்கிறாள். ட்ரூடிக்குத் திருப்தி. பிறகு இரண்டடி பின்னால் போய்க் கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறார். "அங்க நின்னா கொடிக்கம்பம் தலையில முளைச்ச மாதிரி விழும். இந்தப் பக்கம் வா. இன்னும். ம், இப்ப எடு." எங்கள் ஊர் ஜெர்மன் அவளுக்குத் தெரியாது. துடைப்பம் காட்டுகிற இடம் புரிந்துவிடும்.

அவர் வீட்டு மாடியில் நான் வெகுகாலமாகக் குடியிருக்கிறேன். ட்ரூடி ஊர்த் தபால் நிலையத்தில் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். குட்டையான உடம்பு, அதைவிடக் குட்டையாக வெட்டிய நரைமுடி, மண் ஒட்டிய மரச்செருப்பு. பொதி கட்டிக்கொண்டு வந்தவர்களை "இது கட்டா, கூடா?" என்று கேட்டே வளர்ந்த குரல். அதை ஓய்வுக்குப் பிறகு எங்கே வைப்பது என்று அவர் தவித்துக்கொண்டிருந்த சமயத்தில்தான் யாரோ ஒரு பெண் அந்த மரப்பாலத்தில் நின்று எடுத்த படம் கைப்பேசி கைப்பேசியாக உலகம் சுற்றியது. பச்சை நீலத் தண்ணீர், பின்னால் பனிமலை, ஓரத்தில் ட்ரூடி வீட்டு ஜன்னலும் சிவப்புப் பூக்களும். அன்றிலிருந்து பேருந்து பேருந்தாக வருகிறார்கள். பாலம் ஊருக்குச் சொந்தம். ஆனால் அதற்குப் போகும் பாதை ட்ரூடியின் தோட்ட வேலியை உரசிக்கொண்டு போகிறது. போதாதா?

கணவர் வெர்னரோடு சண்டை போட முடியாது. எதைச் சொன்னாலும் "சரி" என்பார். "சூப்புல உப்பு இல்லைன்னாவது சொல்லேன்யா" என்று ட்ரூடி கெஞ்சுவதை நானே மாடியிலிருந்து கேட்டிருக்கிறேன். அதற்கும் "சரி" என்றுதான் பதில் வந்தது.

மதியம் ஒரு மணி நேரம் எங்கள் ஊரில் யாரும் சத்தம் போடக்கூடாது. புல் வெட்டும் இயந்திரம்கூட வாயை மூடிக்கொள்ளும். விதியை மீற ட்ரூடி என்ன நாகரிகம் தெரியாதவரா? அந்த ஒரு மணி நேரமும் சைகையால் திட்டுவார். இடுப்பில் கை, பிறகு செடியை நோக்கி விரல், பிறகு வானத்தை நோக்கி இரண்டு கைகள். பயணிகள் அதைக் காணொளி எடுப்பார்கள்.

ஒரு கோடையில் படங்களைக் கெடுத்தே தீருவது என்று முடிவு கட்டினார். பாலத்துக்கு நேர் எதிரே கொடி கட்டி, வெர்னரின் முழுநீளச் சிவப்பு உள்கால்சட்டையைக் காயப்போட்டார். மறுவாரமே வந்தவர்கள் பனிமலையை விட்டுவிட்டு அந்தக் கால்சட்டைக்குப் பக்கத்தில் வரிசையாக நின்றார்கள். கொடி வெறுமையாக இருந்தால் முகம் வாடிவிடுகிறது. இப்போது ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற நாளெல்லாம் அது கொடியில்தான். ஞாயிறன்று துணி காயப்போட்டால் ஊர் சும்மா விடாது.

"என் கால்சட்டை ஆசியா முழுக்கச் சுத்திட்டு வந்துடுச்சு. நான் இன்னும் இத்தாலிகூடப் பாக்கல" என்றார் வெர்னர். அந்த ஆண்டில் அவர் பேசிய நீளமான வாக்கியம் அதுதான்.

"தோட்டத்துக்குள் நுழையாதே" என்று ஒரு பலகை. அதைக் கட்டிப்பிடித்தும் படம் எடுத்தார்கள். ட்ரூடி கொதித்துப்போய், போன வசந்தத்தில் பலகைக்குப் புது வண்ணம் பூசினார். "எழுத்து மங்கிப்போயிருந்துச்சு, படத்துல சரியா விழல" என்று காரணம் வேறு சொன்னார்.

சூரத்திலிருந்து ஒரு குடும்பம் வந்து, அவர் வீட்டு பெஞ்சில் துணி விரித்துச் சப்பாத்தியும் ஊறுகாயும் கடை பரப்பிவிட்டது. ட்ரூடி பாய்ந்தார். "எந்திரிங்க! இது என்ன சத்திரமா?" குடும்பத்தலைவி பதற்றமே படாமல் ஊறுகாய் தடவிய ஒரு துண்டை அவர் கையில் வைத்துவிட்டாள். வாயில் போட்டதும் ட்ரூடிக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. உள்ளே ஓடினார். தண்ணீர் குடிக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். ஒரு தட்டில் பாலாடைக்கட்டியோடு திரும்பி வந்து, "இத வச்சுச் சாப்பிடுங்க, அறிவிருக்கா உங்களுக்கு, குடல் வெந்துடும்" என்று அதையும் திட்டிக்கொண்டே கொடுத்தார்.

இதெல்லாம் இப்படியே சுகமாகப் போயிருக்கும். ட்ரூடி ஒரே ஒரு தப்புச் செய்தார். ஊர்மன்றத்துக்குப் புகார் எழுதிவிட்டார்.

வேறு நாடாக இருந்தால் புகாரை எழுதிப் போட்டுவிட்டு நிம்மதியாக ஆயுள் முழுக்கப் புலம்பலாம். எங்கள் ஊரின் கெட்ட பழக்கம், புகார் கொடுத்தால் நடவடிக்கை எடுத்துவிடுவார்கள். அளவெடுக்க ஆள் வந்தார். வரைபடம் வந்தது. பாதையின் முனையில் பூட்டிய இரும்புக் கதவு, பயணிகளுக்கு ஊரின் மறுகோடியில், படகு நிற்கிற துறையில், புதிதாக ஒரு மேடை. ஊர்த் தலைவர் உர்ஸ் ஷில்ட் நேரிலேயே வந்து கைகுலுக்கினார்.

"ட்ரூடி, நீ பட்ட பாடு போதும். ஊர்ச்சபை கூடி ஓட்டுப் போட்டுட்டா அடுத்த கோடையில உன் வாசல்ல ஈ காக்கா இருக்காது."

"நல்லது" என்றார் ட்ரூடி. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

அந்த வாரம் முழுக்க அவர் சரியாகத் திட்டவில்லை. பயணிகள் செடியை மிதித்துக்கொண்டு போனார்கள், அவர் துடைப்பத்தை ஊன்றிப் பார்த்துக்கொண்டு நின்றார். சபைக்கு முந்தின நாள், கேட்காமலே காப்பி எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்தார்.

"அந்தத் துறையில போய் நின்னு படம் எடுத்தா எப்படிடா வரும்? மதியத்துக்கு மேல வெயில் எதிர்ல அடிக்கும். மூஞ்சி கருகருன்னு விழும். பாவம், அவ்வளவு தூரத்துலேர்ந்து வர்றாங்க."

"அப்போ கதவு வேண்டாம்னு நாளைக்கு எழுந்து சொல்லிடுங்களேன்" என்றேன்.

"நானா? இத்தன வருஷம் தொண்டை கிழியக் கத்தினது நான். எனக்காகத்தான் எல்லாரும் மெனக்கெடுறாங்க. இப்பப் போய் வேண்டாம்னா, ட்ரூடிக்கு மூளை கலங்கிடுச்சுன்னு ஊரே சிரிக்கும். அதுலயும் அந்த ரோலண்ட் சாகுற வரைக்கும் சொல்லிக் காட்டுவான்." ரோலண்ட் எங்கள் ஊர் விடுதிக்காரர், கதவை எதிர்க்கிறவர்களின் தலைவர். பயணிகளால் பிழைக்கிறவர், மறைக்கவும் இல்லை. ட்ரூடி காப்பியைக் குடிக்காமலே கீழே போனார். எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. சிரிப்பும் வந்தது, அதை மறைப்பானேன்.

சபை பள்ளிக்கூட உடற்பயிற்சி அறையில் கூடியது. வெளிநாட்டுக்காரன் என்பதால் எனக்கு ஓட்டு இல்லை. ஓட்டில்லாதவர்களுக்கான ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்தேன். ட்ரூடியை மரியாதையாக முதல் வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். நல்ல சட்டை, மடியில் கைப்பை, பக்கத்தில் வெர்னர். உர்ஸ் எழுந்து ட்ரூடியின் நீண்டநாள் துன்பத்தைப் பற்றிப் பேசினார். சிலர் கைதட்டினார்கள். ட்ரூடிக்குக் காது சிவந்தது.

ரோலண்ட் எழுந்தார். "ஒரு பொம்பளைக்குச் சத்தம் பிடிக்கலைங்கறதுக்காக ஊரையே பூட்டணுமா?"

"ட்ரூடியே ஒரு சத்தம்தானேப்பா!" என்றது பின்வரிசை. அறை முழுக்கச் சிரிப்பு.

"கதவு வேணுங்கறவங்க கையைத் தூக்குங்க" என்றார் உர்ஸ். எங்கள் ஊரில் எல்லாம் வெளிப்படை. யார் கை எங்கே இருக்கிறது என்று எல்லாரும் பார்க்கலாம், பார்ப்பார்கள். பாதி அறை கைகள் எழுந்தன. ட்ரூடி கைப்பைக்குள் தலையை விட்டு எதையோ மும்முரமாகத் தேடினார். பக்கத்தில் வெர்னர், மனைவி மேல் உள்ள அன்பில், எல்லாரையும்விட உயரமாகக் கையைத் தூக்கியிருந்தார். ட்ரூடி நிமிர்ந்தார், பார்த்தார், சட்டையைப் பிடித்து அந்தக் கையைக் கீழே இழுத்தார்.

"இறக்கு. தோள் வலி வந்துடும்."

"சரி" என்றார் வெர்னர்.

"வேண்டாங்கறவங்க?"

மறு பாதி எழுந்தது. இரண்டும் சமமாகத்தான் இருக்கும் என்று முணுமுணுப்பு ஓடியது. எண்ணுவதற்கு அன்று நியமிக்கப்பட்டவர் ரொட்டிக்கடை மாத்தியாஸ். பென்சிலை நீட்டி வரிசை வரிசையாக எண்ணிக்கொண்டு முன்னால் வந்தார். அவர் முதல் வரிசையை நெருங்கும்போது ட்ரூடியின் வலக்கை மெல்ல மேலே போனது. சுட்டுவிரல் சுவரின் உச்சியில் திறந்திருந்த ஜன்னலைக் காட்டியது.

"யாராவது அந்த ஜன்னலைச் சாத்துங்களேன். காத்து பிடரியில அடிக்குது."

ஜன்னல் காற்று பிடரியில் பட்டால் நோய் வரும் என்பதில் எங்கள் ஊரில் யாருக்கும் விளையாட்டு இல்லை. மூன்று பேர் எழுந்தார்கள். கொக்கிக் கம்பைத் தேடி, மாட்டி, இழுத்து, ஜன்னல் படாரென்று மூடிக்கொண்டது.

மாத்தியாஸ் ட்ரூடியின் எதிரில் நின்றார். பென்சில் காற்றில் நின்றது.

"ட்ரூடி, ஜன்னல் சாத்தியாச்சு."

ரோலண்ட் எட்டிப் பார்த்தார். உர்ஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தார். ட்ரூடி யாரையும் பார்க்கவில்லை. மூடிய ஜன்னலையே கோபமாக முறைத்தபடி, கையை இன்னும் ஒரு சாண் உயர்த்தினார்.