பெறாமகளின் தண்ணீர் வார்ப்பு

என் தங்கச்சி அமெரிக்காவின் தெற்கு மாநிலம் ஒன்றில் இருக்கிறாள். வயிற்றில் பிள்ளையோடு ஐந்தாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது ஒரு மத்தியானம் எனக்குப் போன் எடுத்தாள். ஸ்கானில் பிள்ளைக்கு மண்டையோடு வளரவில்லை என்று கண்டிருந்தார்கள். பிறந்தாலும் தங்காது. முதல் பிள்ளைப்பேற்றில் இரத்த அழுத்தம் ஏறிச் சாகக் கிடந்து மீண்டவள் அவள். இந்த முறையும் அப்படி ஆகிவிடுமோ என்று டொக்டருக்கே பயம். ஆனால் அந்த மாநிலத்தில் கருவைக் கலைக்கச் சட்டம் விடாது. டொக்டர் அறைக் கதவைச் சாத்திவிட்டு, வேறு நாட்டில் சொந்தக்காரர் யாரும் இருக்கிறார்களா என்று மட்டும் கேட்டாராம்.

"அக்கா, ரொறன்ரோவுக்கு வரட்டே?" என்றாள்.

"வா" என்றேன். கனடாவில் அதற்குச் சட்டத் தடை இல்லை.

சொல்வது சுகம். புருஷனுக்கு விஷயம் தெரியும். ஆனால் அவளுடைய மாமியார் அவளோடுதான் இருக்கிறார். வயிற்றில் பிள்ளையோடு இருப்பவளைக் கடைக்கே தனியாக விடாத மனிசி, காரணமில்லாமல் விமானம் ஏற விடுவாரா? உண்மையைச் சொன்னால் அன்று பின்னேரமே அந்த ஊர்க் கோயில் முழுக்கத் தெரிந்துவிடும். உதவி செய்தவர்களையும் வழக்குக்கு இழுப்பார்கள் என்று அங்கே கதை அடிபட்டது. அது எவ்வளவு தூரம் உண்மை என்று எங்களுக்குத் தெரியாது. தெரியாததால் இன்னும் பயந்தோம்.

நான் குசினியில் நின்று கதைத்ததெல்லாம் என் மகளின் காதில் விழுந்திருக்கிறது. அவளுக்குப் பதின்மூன்று வயது. அதற்கு முந்திய குளிர்காலத்தில்தான் பெரியவளானாள். என் கணவரின் தாய், எங்களோடு இருக்கும் மாமி, தண்ணீர் வார்ப்புச் சடங்குக்கு நேரத்தைக் குறி, மண்டபம் பிடி என்று ஒற்றைக் காலில் நின்றார். மகளோ, "இது என்ர விஷயம். ஊருக்கு ஏன் சொல்ல வேணும்?" என்று ஒரே பிடியாய் மறுத்தாள். நான் அவள் பக்கம் நின்று மாமியோடு மாதக் கணக்கில் மல்லுக்கட்டி வென்றிருந்தேன். அந்த வெற்றியில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

"சித்திக்கு அங்க ஏன் செய்ய மாட்டினம்?" என்று கேட்டாள்.

"சட்டமாம்."

"சட்டம் எழுதின ஆக்களுக்குச் சித்தியைத் தெரியுமா?"

அவள் நகத்தைக் கடித்தாள். பிறகு, "அப்ப என்ர ஃபங்ஷனுக்கு வாறா எண்டு சொல்லுங்கோ. அதுக்கு ஒருத்தரும் நோ சொல்லேலாதுதானே" என்றாள்.

பிள்ளை சரியாகத்தான் யோசித்திருந்தாள். சொந்த அக்காவின் மகள், பெறாமகள். அவளுக்குத் தண்ணீர் வார்க்கும்போது போகாதே என்று எந்த மாமியாரும் சொல்ல முடியாது. வேண்டாம் என்று மகளிடம் சொல்ல எனக்கு நாக்கு எழும்பவில்லை. தங்கச்சியின் உயிர் எனக்குத் தேவைப்பட்டது.

என் மாமிக்கு நிலத்தில் கால் படவில்லை. "கடைசியாப் புத்தி வந்திட்டுது" என்று ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் அஜக்சில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு நகரத்தில் பாதிப் பேரைக் கூப்பிட்டுவிட்டார். தங்கச்சி வந்து இறங்கியபோது விமான நிலையத்தில் அவளைக் கட்டிப்பிடித்தேன். அவளுடைய வயிறுதான் முதலில் என்மேல் பட்டது.

சனிக்கிழமை பின்வளவில் மகளை மணையில் இருத்தி, பாலும் அறுகும் வைத்துத் தண்ணீர் வார்த்தோம். எல்லார் கையிலும் போன். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். நனைந்த உடுப்போடு என் பிள்ளை நிலத்தைப் பார்த்தபடி நடுங்கிக்கொண்டிருந்தாள்.

தாய்மாமன் முறைக்குப் பிக்கரிங்கிலிருந்து வந்திருந்த என் அண்ணை தேங்காயை உடைக்கக் கத்தியை ஓங்கினார். மாமி பாய்ந்து விழுந்து தடுத்தார்.

"பொறு தம்பி! பிள்ளைத்தாய்ச்சி நிக்கிறா. தேங்காய் உடைக்கேக்க பக்கத்தில நிக்கக்கூடாது. பிள்ளைக்குக் கூடாது. நீ உள்ளுக்குப் போ, ராசாத்தி."

தங்கச்சி சொன்னபடி உள்ளே போனாள். தேங்காய் உடைந்து முடியும்வரை கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றாள்.

சாப்பாட்டின்போது மோர்னிங்சைட்டில் இருந்து வந்த ஓர் அங்கிள் அமெரிக்காவின் கருக்கலைப்புத் தடைச் சட்டத்தைப் புகழ்ந்து தள்ளினார். "உது நல்ல சட்டம். உயிரை அழிக்க ஆருக்கு உரிமை இருக்கு?"

"தாய்க்கு ஏலாட்டி என்ன செய்யிறது?" என்று அவருடைய மனைவி மெல்லக் கேட்டார்.

"உதெல்லாம் சாட்டு. கடவுள் குடுத்ததைச் சுமக்கத்தானே வேணும்? இந்தப் பிள்ளையைப் பார். எவ்வளவு வடிவாச் சுமக்கிறா!"

தங்கச்சி சிரித்தாள். இன்று வரைக்கும் அந்தச் சிரிப்பை என்னால் மறக்க முடியவில்லை. கையில் இருந்த அகப்பையை அவர் தலையில் போட வேண்டும் போல இருந்தது. அப்பளத்தைத்தான் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை அவளை நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். எல்லாம் முடிந்து கட்டிலில் கிடந்தபோது, "அக்கா, இஞ்ச ஒருத்தரும் ஏன் எண்டு கேக்கேல்லை" என்று சொல்லி விம்மி விம்மி அழுதாள். வந்த இடத்தில் பிள்ளை தானாகக் கலைந்துவிட்டது என்று எல்லாருக்கும் சொன்னோம். ஊர் துக்கம் விசாரித்தது. அவள் உயிரோடு வீடு திரும்பினாள்.

இலையுதிர் காலத்தில் என் மச்சாள், கணவரின் தங்கை, ஒரு கதையோடு போன் எடுத்தாள். தங்கச்சியின் மாமியார் இங்குள்ள உறவுகளுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

"உங்கட மகள் பெரிசான நேரம் கூடாதாம். நேரமும் குறிக்காமல், பிந்திப் பிந்தித் தண்ணி வார்த்த தோஷம்தானாம் பிள்ளையை விழுத்தினது. வயித்தில பிள்ளையோட இருக்கிறவை அவளுக்குப் பக்கத்தில போகப்படாதாம்."

எனக்கு உச்சி கொதித்தது. அந்த மனிசிக்கே போன் எடுத்து நாலு கேள்வி கேட்டு, உண்மையைப் போட்டு உடைக்கிறேன் என்று எழும்பினேன். ஸ்பீக்கரில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மகள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வேண்டாம் அம்மா. அப்பிடியே நம்பட்டும். சித்திக்கு அதுதான் ஸேஃப்."

போன மாதம் ஸ்காபரோவில் ஒரு கலியாணம். மகளுக்குப் பக்கத்துக் கதிரையில் நிறைமாதத்தோடு ஒரு பெண் வந்து அமர்ந்தாள். அந்தப் பெண்ணின் தாய் அவசரமாக வந்து குனிந்து, அவளுடைய காதுக்குள் ஏதோ சொல்லிவிட்டு, வேறு இடம் இருக்கிறதா என்று மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார்.

என் மகள் எழுந்துவிட்டாள். "அவவை எழுப்பாதேங்கோ அன்ரி, நான் போறன்" என்று சொல்லிவிட்டு, கடைசி வரிசையில் ஒருவரும் இல்லாத இடமாகப் பார்த்துப் போய் இருந்தாள்.